கூடைப்பந்துப் பயிற்றுநருக்கு நான் போட்ட புள்ளிகள்

கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்றுநர் ஒருவரைத் தெரிவுசெய்யும் குழுவில் பழைய மாணவர்களாகிய உங்களில் மூவர் அமரப்போவதாக அறிந்தேன். விண்ணப்பதாரியிடம் என்னென்ன தகுதிகளைப் பார்க்கவேண்டும் என்று என்னிடம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கேட்டது நல்லது. நான் அந்த நாற்காலியில் இருந்தபோது யாரிடமும் கேட்கவில்லை. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

உண்மையிலேயே எல்லாம் தெரிந்திருந்தது. உப அதிபராகவும் விளையாட்டுக் குழுச் செயலாளராகவும் இருந்த காலத்தில், எந்தச் சுற்றுநிருபம் எந்தக் கோவையில் கிடக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். பயிற்றுநர் தெரிவுக்கான புள்ளித்தாளைத் தயாரித்ததும் நானே. தராதரப் பத்திரங்களுக்கு நாற்பது. அனுபவத்துக்கு இருபது. ஒழுங்குமுறைக்கு இருபது. மொழி வளத்துக்குப் பத்து. தோற்றத்துக்குப் பத்து. தோற்றம் என்றால் சட்டை கசங்காமல் வருவது. மொத்தம் நூறு. கூட்டிப் பார்த்தால் சரியாக வரும். வாழ்க்கையில் கூட்டிப் பார்த்தால் சரியாக வந்தவை எல்லாம் சரி என்று நம்பிய ஆள் நான்.

அந்தத் தாளை வைத்து எண்பத்தொன்பதாம் ஆண்டு ஒரு பயிற்றுநரைத் தெரிவுசெய்தேன். அதற்கு ஐந்து மாதம் கழித்து, எங்கள் பள்ளிக்கூட அணியில் விளையாடிய பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் எங்கள் மைதானத்தில் இருந்தே கொண்டுபோகப்பட்டான். அதில் என் பங்கு என்ன என்பதை இதுவரை எந்தக் கோவையிலும் நான் எழுதி வைக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்பு இரண்டு வருடம் எங்கள் அணியைத் தற்காலிகமாகப் பழக்கியவர் ஒரு பழைய மாணவர். நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருந்தார். ஆகவே ஆசிரியர் அறையில் அவருக்கு நீர்வேலியார் என்று பெயர். தராதரப் பத்திரம் என்று ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அதைவிட எனக்குப் பொறுக்காதது அவர் பயிற்சி நடத்திய முறை. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு நடத்துவார். அடுத்த முறை மத்தியான இடைவேளையில். அதற்கடுத்தது எங்கள் மைதானத்திலேயே இருக்காது, தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த வெறுங்காணியில் இருக்கும். பிள்ளைகள் ஒன்றாக வரமாட்டார்கள், ஒன்றாகப் போகவும் மாட்டார்கள். பந்தை உரப்பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டு திரிவார்கள். அணிச் சீருடை பெட்டிக்குள் கிடந்து பூச்சி அரித்தது. நான் மூன்று விளக்கக் கடிதம் கேட்டேன். மூன்றுக்கும் அவர் நேரில் வந்து, தலையைச் சொறிந்து, சிரித்துவிட்டுப் போனார்.

நேர்முகப் பரீட்சைக்கு அவரும் வந்தார். தோட்டத்தில் இருந்து நேரே வந்திருக்கவேண்டும், வாழைக்கறை சட்டையில் இருந்தது.

"உம்முடைய பயிற்சிக்கு நேர அட்டவணை இருக்கோ?" என்று கேட்டேன்.

"இருக்குச் சேர். எழுதிறேல்லை."

"ஏன் எழுதிறேல்லை?"

"எழுதினா வாசிப்பினம்."

குழுவில் எல்லோரும் சிரித்தோம். கல்லூரி அதிபர்கூடச் சிரித்தார். ஒழுங்குமுறை என்ற நிரலில் நான் அவருக்கு இருபதுக்கு இரண்டு போட்டேன். பூச்சியம் போட்டால் பகை என்று நினைப்பார்கள்.

அந்த ஆண்டு ஊரில் என்ன நடந்தது என்பதை உங்களில் இளையவர்களுக்காகச் சொல்லவேண்டும். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பல வகை. அவர்களில் ஒரு பகுதியினர் தங்கள் படைக்கு ஆள் சேர்த்தார்கள். சேர்த்தார்கள் என்பது மரியாதைச் சொல். சந்தியில், பஸ்ஸில், ரியூசன் வாசலில் நின்ற பொடியன்களைப் பிடித்து வாகனத்தில் ஏற்றினார்கள். மொட்டை அடித்துவிட்டால் தப்பி ஓடினாலும் அடையாளம் தெரியும் என்பதால் முதல் வேலை மொட்டை. பதினெட்டுக்கு மேற்பட்டவர்கள்தான் என்று சொன்னார்கள். பிறப்புப் பத்திரத்தை யாரும் பார்க்கவில்லை, உயரத்தைப் பார்த்தார்கள். கூடைப்பந்து அணியில் யாரைச் சேர்ப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும், நீர்வேலியாரின் பதிலை நான் ஒரு பகிடியாகத்தான் கேட்டேன். அட்டவணையை வாசிக்கக்கூடியவர்கள் யார் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நான் அந்த நேரத்தில் கூட்டல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்தெட்டுப் புள்ளி பெற்றுத் தெரிவானவர் ஒரு இளைஞர். உடற்கல்வி டிப்ளோமா, நல்ல தமிழ், நல்ல ஆங்கிலம், வெள்ளைச் சட்டை. எங்கள் ஊர்த் திருநெல்வேலியில் மாணவர்கள் தங்கும் ஒரு விடுதியில் அறை எடுத்திருந்தார். அவரை மாஸ்ரர் என்றே சொல்கிறேன், பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதல் நாளே அவரிடம் இரண்டு வேலை கொடுத்தேன். வாசலோடு இருக்கும் அறிவித்தல் பலகையில் பயிற்சி நேர அட்டவணை ஒட்டவேண்டும். அத்துடன் அணிக்கு ஒரு இடாப்பு, அதாவது பெயர்ப் பதிவேடு, வைக்கவேண்டும்.

மாஸ்ரர் அட்டவணையோடு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"சேர், இதை உள்ளுக்கை எங்கையாவது ஒட்டினால் காணாதோ?"

"அறிவித்தல் எண்டால் அறிவிக்க வேணும், மாஸ்ரர்."

ஒட்டினார். திங்கள், புதன், பின்னேரம் நான்கு மணி.

பொறுப்பு மாஸ்ரருடையது என்றாலும் இடாப்பை நானே வரைந்து என் அலுமாரியில் வைத்தேன். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. பெயர், பிறந்த திகதி, தவணைக்கு ஒரு தடவை அளந்த உயரம், வீட்டு முகவரி, பாதுகாவலர் பெயர், கல்லூரியில் படிக்கும் சகோதரர், அவர்களின் வகுப்பு. சகோதரர்களை ஒரே விளையாட்டு இல்லத்தில் சேர்ப்பது எங்கள் வழக்கம், அதற்காக அந்தக் கடைசி நிரல். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்த இடாப்பின் முதல் வரியில் குகன். புத்தூர். பதினாறு வயது. ஆறடி ஒரு அங்குலம். தம்பி எட்டாம் வகுப்பு. தகப்பனுக்கு வெங்காயத் தோட்டம். அண்ணனும் தம்பியும் ஒரே சைக்கிளில் வந்து போவார்கள். பயிற்சி முடியும்வரை தம்பி சைக்கிள் கொட்டிலில் இருந்து கணக்குச் செய்வான்.

மாஸ்ரர் வேலைக்கு வந்து ஐந்தாம் மாதத்தில் ஒரு புதன்கிழமை நாலரை மணிக்கு ஒரு ஜீப்பும் ஒரு வானும் வாசலுக்குள் வந்தன. நான் மேல்மாடியில் என் கந்தோர் மேசையில் இருந்தேன். ஜன்னலால் பார்த்தேன். ஆறேழு பேர் இறங்கினார்கள். தலைவன்போல இருந்தவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். மாஸ்ரரோடு மரியாதையாகத்தான் கதைத்தான். அவன் சொன்னதைப் பிறகு பிள்ளைகள் எனக்குச் சொன்னார்கள்.

"நாலு மணி எண்டு போட்டிருந்தியள். ஆக்கள் சேரட்டும் எண்டு நாங்கள் அரை மணித்தியாலம் பிந்தி வந்தனாங்கள்."

மாஸ்ரர், பிள்ளைகள் வேர்த்திருக்கிறார்கள், திடீரென்று நிறுத்தினால் பிடிப்பு வரும், பத்து நிமிடம் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். அவன் சிரித்துக்கொண்டு, "சரி, நாங்களும் பாப்பம்" என்று மைதான ஓரத்தில் கிடந்த மேசையில் ஏறி இருந்தான்.

நான் ஜன்னலால் கண்டது இதுதான். துப்பாக்கிக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, மாஸ்ரர் பயிற்சியைத் தொடர்ந்தார். அதுவும் எவ்வளவு மோசமான பயிற்சி! குகன் நடுக்கோட்டில் நின்று எறிந்த பந்து பலகைக்கு மேலாலே போய்ப் பின்மதிலுக்கு அப்பால் விழுந்தது. "உனக்குக் கண் தெரியாதோடா எருமை? ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வா!" என்று மாஸ்ரர் கத்தினார். குகன் மதில் ஏறிக் குதித்தான். இன்னொரு பிள்ளை எறிந்தான், அதுவும் மதிலுக்கு மேலே. அவனும் குதித்தான். மூன்றாவது பந்தும் அதே வழி. பத்துப் பேரில் மூவர், எங்கள் அணியின் மூன்று உயரமானவர்கள், மதிலுக்கு அந்தப் பக்கம். ஒருவரும் திரும்பி வரவில்லை.

ஒரு நாளும் பிள்ளைகளை ஏசாத மனிதர் ஏன் எருமை என்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. இவருக்கு எண்பத்தெட்டுப் புள்ளி போட்டோமே, இந்த நேரத்தில் பந்து விளையாடிக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. அலுமாரியைத் திறந்தேன். என்னிடம் இடாப்பு இருந்தது. பிறந்த திகதிகள், அதிபரின் கையொப்பம், கல்லூரி முத்திரை. பத்துப் பேரும் பதினெட்டுக்குக் குறைந்தவர்கள் என்பதற்கு எழுத்தில் ஆதாரம். அதை எடுத்துக்கொண்டு படியால் இறங்கினேன்.

நான் மைதானத்துக்கு வந்தபோது தலைவன் மீதி ஏழு பேரையும் பார்த்துத் தன் ஆட்களிடம், "உவங்கள் எல்லாம் குஞ்சுகளடா. உவங்களைக் கொண்டுபோய்ப் பாலோ பருக்கிறது?" என்று சொல்லிக்கொண்டு நின்றான். இன்னும் இரண்டு நிமிடம் நான் மேல்மாடியிலேயே இருந்திருந்தால் அவர்கள் போயிருப்பார்கள். அப்படித்தான் நினைக்கிறேன். வேறு விதமாக நினைக்க நான் எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன்.

மாஸ்ரர் என் கையில் இருந்ததைக் கண்டார். கிட்ட வந்து, உதடு அசையாமல் சொன்னார்.

"சேர், கொப்பியை உள்ளை கொண்டுபோய் வையுங்கோ."

"நீர் பேசாமல் நில்லும். எங்களிட்டைக் கடதாசி இருக்கு."

"சேர், உங்களைக் கும்பிட்டன்."

நான் அவரைத் தாண்டிப் போய் இடாப்பைக் கொடுத்தேன். கொடுத்து, "தம்பி, வாசிச்சுப் பாரும். எல்லாரும் வயசு குறைஞ்ச பிள்ளையள்" என்றும் சொன்னேன்.

அவன் மிகவும் மரியாதையாக அதை இரண்டு கையாலும் வாங்கினான். ஆறுதலாக வாசித்தான். வாசிக்கத் தெரிந்த பொடியன். பிறகு நின்ற ஏழு பேரையும் எண்ணினான். இடாப்பில் பத்து. மதிலைப் பார்த்தான். மாஸ்ரரைப் பார்த்துச் சிரித்தான்.

"மாஸ்ரர் நல்லாத்தான் பழக்கிறியள்."

பிறகு முதல் வரியில் விரலை வைத்து, மதிலுக்கு அப்பால் கேட்கும்படி சத்தமாக வாசித்தான். "குகன். புத்தூர். ஆறடி ஒண்டு. தம்பி எட்டாம் வகுப்பு." இடாப்பை மூடி, "அண்ணன் வராட்டி தம்பி வரட்டும். எட்டாம் வகுப்புத் தம்பியாரைத் தேடுங்கோடா" என்றான்.

மற்ற இருவரும் அந்த நேரம் மதிலுக்குப் பின்னால் இருந்த பனங்கூடலுக்குள்ளால் வெகுதூரம் போய்விட்டார்கள். அன்றைக்கே வீட்டார் அவர்களை ஊரைவிட்டு அனுப்பினார்கள். இன்றைக்கு இருவரும் பிறநாட்டில் இருக்கிறார்கள். குகன் ஓடவில்லை. தம்பி சைக்கிள் கொட்டிலில் இருக்கிறான் என்று அவனுக்குத் தெரியும். அவனை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் மதிலோடு குந்தி இருந்திருக்கிறான்.

அவன் மதில் ஏறி வரவில்லை. சுற்றி, வாசலால் வந்தான். கக்கத்தில் பந்து. அதை மாஸ்ரரிடம் கொடுத்தான். "தம்பியைத் தேடாதேங்கோ. நான் வாறன்" என்று சொல்லி வானில் ஏறினான். அவ்வளவுதான்.

வானின் கதவை மாஸ்ரர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒருவன் துப்பாக்கிப் பிடியால் அவருடைய வாயில் இடித்தான். விழுந்து, எழும்பி, மறுபடி பிடித்தார். இரண்டாவது அடியில்தான் கை விட்டது. நான் இடாப்பை வாங்குவதற்காகக் கையை நீட்டியபடி நின்றேன். அதை அவன் திருப்பித் தரவில்லை.

பிள்ளையின் வயதை உறுதிப்படுத்திக் கல்லூரிக் கடிதத்தாளில் ஒரு கடிதம் கொடுத்தேன். குகனின் தகப்பன் அதைக் கொண்டு முகாம் முகாமாகத் திரிந்தார். ஒரு வாசலில், "வயசு எங்களுக்குத் தெரியும் ஐயா, பள்ளிக்கூடமே எழுதித் தந்தது" என்று சொன்னார்களாம். அடுத்த வருடம் அவனைக் கொண்டுபோனவர்களே ஊரைவிட்டுப் போனார்கள். மட்டக்களப்புப் பக்கம் கண்டதாக ஒருவர் சொன்னார். சரணடைந்தவர்களோடு நின்றதாக இன்னொருவர். உடலும் வரவில்லை, கடிதமும் வரவில்லை.

நான் இப்போது சொல்லப்போவதுதான் என் பதவிக்காலத்தின் மிகவும் கேவலமான பகுதி.

மாஸ்ரர்தான் இடாப்பைத் தூக்கிக் கொடுத்தார் என்று ஊரில் கதை பரவியது. இடாப்பு பயிற்றுநருடையது, ஆகவே கொடுத்தவரும் அவராகத்தானே இருக்கவேண்டும்? சந்தையில் அவரைக் கண்டு ஒரு பெண் மண் அள்ளி எறிந்தாள். அவர் தங்கியிருந்த விடுதிச் சுவரில் எழுதினார்கள். எல்லாம் என் காதுக்கு வந்தது. கல்லூரி முகாமைக் குழு விசாரணை வைத்தபோது நான்தான் செயலாளர், நான்தான் குறிப்பு எழுதினேன். "பயிற்றுநரின் பொறுப்பிலுள்ள அணி இடாப்பு ஆயுததாரிகளால் பெற்றுக்கொள்ளப்பட்டது." இந்த வசனத்தில் ஒரு பொய்யும் இல்லை. இன்றைக்கும் யாரும் அதில் பிழை பிடிக்கமுடியாது.

மாஸ்ரர் அதை இரண்டு தடவை வாசித்தார். உதடு இன்னும் வீங்கியிருந்தது.

"சேர், இதிலை ஒரு ஆளைக் காணேல்லை."

நான் கையொப்பமிடும் இடத்தைக் காட்டினேன். அவர் என்னுடைய பேனையை வாங்கிக் கையொப்பம் வைத்தார். அடுத்த கிழமை விலகல் கடிதம் தந்தார். ஒரு மாத முன்னறிவித்தல் தேவை என்ற விதியை அவருக்காகத் தளர்த்தினேன். என் தாராள குணத்துக்கு அது ஒரு உதாரணம்.

நீர்வேலியாரை மறுபடி கூப்பிடப் போனேன். வாழைக்குலை வெட்டிக்கொண்டு நின்றார். என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாஸ்ரரைப் பற்றித்தான் விசாரித்தார்.

"வேலைக்கு வந்த முதல் கிழமையே சைக்கிளிலை இஞ்சை வந்தவர், சேர். 'அண்ணை, நீங்கள் எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு சொல்லித் தாங்கோ' எண்டு கேட்டவர். மதிலுக்கு மேலாலை பந்து எறியிற வேலை நான் சொல்லிக் குடுத்ததுதான். நான் ஒருநாளும் செய்து பாத்ததில்லை. அந்தாள் செய்து காட்டிப்போட்டுது."

நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். டிப்ளோமா உள்ளவர் உதவாதவர், தோட்டக்காரர் கெட்டிக்காரர் என்று இதில் பாடம் படிக்காதீர்கள். இருவருமே அந்தப் பதவிக்குத் தகுதியானவர்கள். வந்திருந்தவர்களில் தகுதி இல்லாதவன் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தான். அவனுக்கு யாரும் புள்ளி போடவில்லை.

ஆனாலும் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். தனக்கு முன் இருந்தவரிடம் போய் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கக்கூடியவரா என்று பாருங்கள். பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக உங்கள் கண்ணுக்கு முட்டாளாகத் தெரியவும் சம்மதிக்கிறவரா என்று பாருங்கள். வெற்றிக் கிண்ணங்களைப் பற்றிக் கேளுங்கள், தவறில்லை. பிள்ளைகள் எந்தப் பாதையால் வீட்டுக்குப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். எல்லாவற்றையும்விட, உங்களைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லக்கூடியவரா என்று பாருங்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் உங்கள் வேலை முடியாது, அங்கேதான் தொடங்கும். அவர் சொல்லும்போது நீங்கள் கேட்கவேண்டும். எனக்குக் கிடைத்தவர் இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை கும்பிட்டார்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஓய்வுபெற்றேன். கோவைகளை ஒப்படைக்கும்போது அந்த விசாரணைக் குறிப்பு கையில் வந்தது. அன்று பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு புத்தூருக்குப் போனேன். குகனின் தகப்பன் தோட்டத்தில் வெங்காயம் கிண்டிக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் கையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

"என்ன சேர் இந்த வெயிலுக்கை? சொல்லி அனுப்பியிருந்தா நான் வந்திருப்பனே."

நான் வரம்பில் நின்றபடியே சொன்னேன். "கொப்பியைக் குடுத்தது மாஸ்ரர் இல்லை. நான். அவர் மறிச்சவர். நான் கேக்கேல்லை."

அவர் மறுபடி குந்தி இருந்து ஒரு பிடி வெங்காயத்தைப் பிடுங்கி உதறினார்.

"தெரியும், சேர்."

"ஆர் சொன்னது?"

"சின்னவன். அண்டைக்கு அவன் சைக்கிள் கொட்டிலுக்கை இருந்து எல்லாத்தையும் பாத்துக்கொண்டு நிண்டவன்."

அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு மூன்று வருடம் என் கல்லூரியில் படித்தான். ஒவ்வொரு காலையும் எனக்குக் குட்மோர்ணிங் சொன்னான்.

"அப்ப ஏன் நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"மாஸ்ரர்தான் மறிச்சவர். போறதுக்கு முதல் நாள் இஞ்சை வந்து, உதிலை, நீங்கள் நிக்கிற இடத்திலைதான் நிண்டவர். 'உப அதிபர் தானா வந்து சொல்லுவார். அதுவரைக்கும் விடுங்கோ அண்ணை' எண்டு சொன்னவர். சொல்லிப்போட்டு அழுதவர். பல்லும் உடைஞ்சு, பேரும் கெட்டு..." அவர் வெங்காயத்தை ஒவ்வொன்றாக அடுக்கினார். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"அவருக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"இல்லை."

"முதல் அங்கை போயிருக்க வேணும், சேர். எனக்குத் தெரியுந்தானே."

மாஸ்ரர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கொழும்பு என்றார்கள், பிறகு இந்தியா என்றார்கள். உங்களில் யாராவது, எந்த ஊரிலாவது, முன்பல் ஒன்று பாதி உடைந்த கூடைப்பந்துப் பயிற்றுநர் ஒருவரைக் கண்டால், இதை அவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.